பட்டியலில் ஒரு சின்னத் திருத்தம்

“நெட்லயே இருக்கு மேடம், பாத்துக்குங்க” என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு வந்த பிறகுதான், அப்படி ஏதாவது நெட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிற யோசனையே அவளுக்கு வந்தது.

மகள் படிக்கும் பள்ளியில் பெண்கள் கால்பந்து அணிக்கு ஆள் பிடித்துவிட்டார்கள், பயிற்சி கொடுக்கத்தான் ஆள் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் கை தூக்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர், டி.வி.யில் ஒரு மேட்ச் விடாமல் பார்க்கிற ஒரு அப்பா. இன்னொருத்தி இவள். கல்லூரி அணியில் மூன்று வருஷம் இடது பின்களத்தில் நின்றவள். வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் காட்டுபவருக்கே வேலை என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்வது இவள் உத்தியோகம். யாரோ ஒருவருடைய பிளாஸ்டர் தாடையில் மொபைலைச் சாய்த்து வைத்துக்கொண்டு, மெழுகைச் சுரண்டியபடியே தேடினாள். கல்லூரியின் இணையப் பக்கத்தில் ‘பழைய அணிகள்’ என்று ஒரு மூலை. அவள் வருஷமும் இருந்தது. பதினாறு பெயர்கள். அவள் பெயர் பதினாறாவது. பக்கத்தில், ‘மாற்று ஆட்டக்காரர்.’

ஒரு மேட்ச்சில்கூட பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. மெழுகில் கத்தி ஆழமாக இறங்கியது. யாருக்கோ ஒரு கடைவாய்ப்பல் போனது.

பக்கத்தின் அடியில் ‘திருத்தம் இருந்தால் எழுதவும்’ என்று ஒரு கட்டம். அன்று சாயங்காலம் அதில் எழுத உட்கார்ந்தாள்.

“பேர், போன் நம்பர் எல்லாம் கேக்குது பாரு” என்றார் கணவர்.

“கட்டாயமில்லன்னு போட்டிருக்கு. என் பெருமையை நானே எழுதினா நல்லாவா இருக்கும்?”

‘அவர் மாற்று ஆட்டக்காரர் அல்ல, அணியின் தூண்’ என்று எழுதி, ‘ஒரு ரசிகர்’ என்று முடித்தாள்.

மறுநாள் காலையில் திருத்தியிருந்தார்கள். ‘தண்ணீர் பாட்டில் பொறுப்பாளர்.’

“தூண்ல ஆரம்பிச்சு பாட்டில்ல வந்து நிக்குதே” என்றார் கணவர்.

“எவனோ அரைத் தூக்கத்துல உக்காந்து டைப் பண்றான்.”

இந்த முறை ‘நியாயத்தை விரும்பும் முன்னாள் மாணவி’யாக எழுதினாள். இறுதி ஆட்டத்தில் எதிரணியின் மூன்று கோல்களைத் தடுத்தவருக்கா இந்தக் கதி என்று உருக்கமாகவே கேட்டிருந்தாள்.

புதன்கிழமை பதில் வந்தது. ‘இறுதி ஆட்டத்தில் சேம்சைடு கோல் போட்டவர்.’

மகள் அதைப் படித்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிராமலே கேட்டாள். “அம்மா, நீ நிஜமாவே ஆடினியா?”

அந்தக் கேள்விதான் அவளைக் குத்தியது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு போய், பாதிக்கப்பட்டவரின் நெருங்கிய தோழி என்ற பெயரில் ஒரு பக்கம் எழுதினாள். ‘அவர் இதைப் பார்த்தால் உயிரையே விட்டுவிடுவார்’ என்று கடைசி வரி.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் குளித்துக்கொண்டிருக்கையில் போன் அடித்தது. கணவர் எடுத்தார். தலைமையாசிரியை.

“உங்க மனைவி காலமானதா இப்பதான் நெட்ல பாத்தேன். எப்படிங்க ஆச்சு?”

அவர் குளியலறைக் கதவைப் பார்த்தார். “தண்ணி ஊத்துற சத்தம் கேக்குதே மேடம்.”

தலைமையாசிரியை உடனே அலுவல் குரலுக்கு மாறினார்.

“அப்ப நாளைக்குள்ள அதைச் சரி பண்ணச் சொல்லுங்க. காலமானவங்களை கோச்சா போட்டா, பின்னால யாராவது கேள்வி கேப்பாங்க.”

தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாள். அவள் பெயரைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் கட்டியிருந்தார்கள், அழகாகவே.

“விட்டுடேன். அந்த டி.வி. அப்பாவே சொல்லிக் கொடுக்கட்டும்” என்றார் கணவர்.

“அந்தாளுக்குப் பந்தை ரிமோட்டாலதான் நகர்த்தத் தெரியும். நான் நேர்லயே போறேன்.”

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனாள். வழியெல்லாம் திட்டுவதற்கு வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனாள். இணையப் பக்கத்தை நூலகத்தில் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார் வாசல் காவலாளி. நூலகத்தின் கோடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் பின்னால் நரைத்த தலையோடு ஒரு பெண். விசைப்பலகையில் ஓடிய விரல்களில் ஒன்று கோணலாக நின்றது. அந்த விரல் பந்து பட்டு உடைந்தபோது ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவளே இவள்தான்.

“கோலி?”

நிமிர்ந்த பழைய அணியின் கோல்கீப்பர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு வந்து கட்டிக்கொண்டாள். அடுக்கி வைத்த வாக்கியங்கள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. இருபத்திரண்டு வருஷம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். நூலகர் இரண்டு முறை இருமிப் பார்த்தார்.

விஷயத்தைச் சொன்னதும் கோலி ஒரு நிமிஷத்தில் திருத்திவிட்டாள். ‘இடது பின்களம். மூன்று ஆண்டுகள். எல்லா ஆட்டங்களும்.’ கறுப்புக் கட்டமும் போனது. இவள் அதைத் தலைமையாசிரியைக்கு அனுப்பினாள். ‘திங்கட்கிழமை நாலரைக்கு மைதானத்துக்கு வாங்க’ என்று பதில் வந்தது. பின்னாலேயே மகளிடமிருந்து இன்னொன்று: ‘எனக்கும் பின்களம்தான் வேணும்மா.’

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் பழைய கோபம் திரும்பி வந்தது.

“எந்த மடையன்டி இதையெல்லாம் டைப் பண்றான்? அவனைக் கூப்பிடு, நாலு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்.”

கோலி கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தாள்.

“நான்தான்டி. சரியா போட்டா ஒருத்தியும் எழுத மாட்டேங்கறீங்க, உங்களையெல்லாம் நான் வேற எப்படித் தேடிப் பிடிக்கிறது? மத்த பதினாலு பேரும் தண்ணி பாட்டிலுக்கே ரோஷப்பட்டு போன் நம்பரோட வந்துட்டாளுங்க, பேரைச் சொல்லாம சாகற வரைக்கும் இழுத்தது நீ ஒருத்திதான்.”