தவிட்டுக்குருவிக் குடும்பத்தின் நாலாவது ஆல்பம்

ஒரு காட்டில், அதுவும் செல்போன் கோபுரத்தைப் பனைமரம் என்று நம்பித் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கிவிட்ட ஒரு காட்டில், தவிட்டுக்குருவிக் குடும்பம் ஒன்று பாடிப் பிழைத்துவந்தது. அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று மொத்தம் ஏழு பேர். தவிட்டுக்குருவியின் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது பாட்டுக்கு ஆன குரல் இல்லை. எண்ணெய் போடாத கிணற்று உருளைகள் ஏழைச் சேர்த்துச் சுற்றியது போல் இருக்கும். ஆனால் குடும்பமாகச் சேர்ந்து எதைச் செய்தாலும் கைதட்ட ஒரு கூட்டம் கூடிவிடும். காட்டிலும் கூடியது.

முதல் ஆல்பம் 'தங்கத் தவிடு'. "தவிடு தவிடு தங்கத் தவிடு, அள்ளிக் குடு அள்ளிக் குடு" என்பதுதான் முழுப் பாட்டும். அணில்கள் எல்லாம் அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டன. இரண்டாவது ஆல்பம் 'வெள்ளி உமி'. தவிடு இருந்த இடத்தில் உமி வந்தது. மூன்றாவது 'முத்துப் பொட்டு'. உமி இருந்த இடத்தில் பருப்புப் பொட்டு வந்தது. மெட்டும் மாறவில்லை, தாளமும் மாறவில்லை, அட்டைப்படத்தில் குருவிகள் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடி மட்டும் மாறியது. அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்று சொன்ன ஆந்தையை, ரசனை கெட்ட ஜென்மம் என்று ஒதுக்கிவைத்தார்கள்.

ஏழு பேரில் நடுவில் பிறந்தவள் அஞ்சுகம். அஞ்சுகம் என்றால் கிளி. தவிட்டுக்குருவிக்குக் கிளியின் பெயரை வைக்கிற அளவுக்கு ஆசை முற்றிய தகப்பனார் சங்கிலிதான் குழுவுக்கு மேனேஜர். அவருக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தத் தெரியும். அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு காட்டில் இசைமேதை என்று பெயர் வாங்கியிருந்தார்.

அஞ்சுகத்துக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. நாலாவது ஆல்பத்தில் அவள் கட்டிய பாட்டு ஒன்று வர வேண்டும். தவிடும் உமியும் இல்லாத பாட்டு. தங்கச்சி பவளத்தைப் பற்றிய பாட்டு.

பவளம் கடைக்குட்டி. மூன்றாவது ஆல்பத்தின் அட்டைக்குப் படம் எடுத்த அன்று செத்துப்போனவள். தவிட்டுக்குருவிகள் தரையில் கூட்டமாக இருக்கும்போது ஒருவர் மட்டும் உயரக் கிளையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முறை வைத்து மாறிக்கொள்வார்கள். அந்த இனம் இத்தனை காலம் பிழைத்திருப்பதே அந்த வழக்கத்தால்தான். அன்று படம் எடுக்க வந்த ஓணான் அண்ணாந்து பார்த்து, "மேல உக்காந்திருக்கிற பொண்ணும் கீழ வரட்டும், ஏழு பேரும் கேமராவைப் பாக்கணும்" என்றது. மேலே இருந்தது அஞ்சுகம். "வாம்மா, ஒரு நிமிஷ வேலைதான்" என்றார் சங்கிலி. அவள் இறங்கி வந்தாள். ஏழு பேரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். படம் நன்றாக விழுந்தது. அடுத்த மூச்சில் வல்லூறு இறங்கிப் பவளத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அந்தப் படத்தையே அட்டையில் போட்டார்கள். அதில் பவளம் ரொம்ப அழகாக இருக்கிறாளாம்.

ஏழு பேர் என்று பெயர் வாங்கிய குழு ஆறு பேராக மேடையேற முடியுமா? 'ஊளை ஆடியோ' கம்பெனியின் முதலாளி நரியார் துக்கத்துக்கு வந்து, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி அழுதார். அழுது முடித்த கையோடு ஒரு மைனாவைச் சம்பளத்துக்குப் பிடித்து, உடம்பெல்லாம் தவிட்டைப் பூசி, கடைசி இடத்தில் நிறுத்தினார். ரசிகர்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மைனா சுருதியோடு பாடியது ஒன்றுதான் குறை. அதையும் கண்டித்துத் திருத்தினார்கள்.

அஞ்சுகம் தன் பாட்டை எடுத்துக்கொண்டு நரியாரிடம் போனாள். வெட்கத்தோடு பாடியும் காட்டினாள். "பவளமே எங்க போனே, பாக்காம விட்டது நானே" என்று தொடங்கும் பாட்டு.

நரியார் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். "நல்லா இருக்கு பாப்பா. ஆனா சோகமா இருக்கு. சோகத்தை எந்த அணில் ரிங்டோன் வைக்கும்? பவளத்தை எடுத்துட்டு அந்த இடத்துல புண்ணாக்குன்னு போட்டுப் பாரு. 'புண்ணாக்கே எங்க போனே'. கேக்கும்போதே பசிக்குதில்ல? ஆல்பத்துக்கே 'வைரப் புண்ணாக்கு'ன்னு பேர் வெச்சிடுவோம்."

அவள் தகப்பனாரிடம் முறையிட்டாள். "கம்பெனி சொன்னா அதுல ஒரு விஷயம் இருக்கும்மா" என்றார் சங்கிலி. அவர் மகள் செத்தபோதும் இதைத்தான் சொன்னார்.

ஒலிப்பதிவு நாள் வந்தது. எல்லோரும் மைக்கைச் சுற்றி நின்றார்கள். மெட்டு ஓடியது. புண்ணாக்கு வர வேண்டிய இடத்தில் அஞ்சுகம் பவளம் என்று பாடினாள். மறுபடி பாடச் சொன்னார்கள். மறுபடியும் பவளம் என்றே பாடினாள்.

மூத்தவன் தவசிக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குடி இப்ப அவ பேரை இழுக்கிற?"

"வீட்ல வேற யாரும் சொல்றதில்லையே அண்ணே, அதான்."

"சொல்ல உனக்கு என்ன யோக்கியதை இருக்கு? அன்னிக்கு மேல காவல் முறை யாரோடது?"

இத்தனை நாளும் எல்லோர் மனசிலும் இருந்து, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது.

"அப்பாதான் எறங்கி வரச் சொன்னாரு" என்றாள் அஞ்சுகம்.

"நானா சொன்னேன்? ஓணான் சொன்னான், நான் திருப்பிச் சொன்னேன்" என்றார் சங்கிலி.

"யாரு சொன்னா என்ன? முறை உன்னோடது. எறங்கினது நீ" என்றான் தவசி.

தவிட்டுக்குருவி வீட்டில் ஒன்று வாய் திறந்தால் மற்றது சும்மா இருக்காது. உன்னோடது, உன்னோடது என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். இந்தச் சண்டை தன் சம்பளத்தில் சேர்த்தியா இல்லையா என்று தெரியாத மைனா, எதற்கும் இருக்கட்டும் என்று தாளம் போட்டது. அஞ்சுகம் தங்கச்சியின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கதறினாள். பவளம் போனதிலிருந்து அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான். அழுததும் மனசு கொஞ்சம் லேசானது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளர் வௌவால், மெஷினை நிறுத்தப் போனார். நிறுத்தாதே என்று நரியார் வாலை ஆட்டினார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். வீடு இரண்டுபட்டால் கம்பெனிக்கு ஆல்பம்.

'முறை யாரோடது' என்ற பெயரில் அது வெளிவந்தது. காடு மிரண்டுபோனது. உண்மை, ஆழம், வலி என்று இதுவரை சொல்லியே பழகாத வார்த்தைகளை எருமைகள் சொல்லின. ஒதுக்கிவைத்த ஆந்தையே திரும்பி வந்து மூன்று பக்கத்துக்குப் பாராட்டு எழுதியது. கச்சேரி டிக்கெட்டுக்கு நின்ற வரிசை ஓடையைத் தாண்டிப் போனது. அந்த வரிசையில் முள்ளம்பன்றிக்குப் பின்னால் நின்றவர்கள் மட்டும்தான் தள்ளுமுள்ளு இல்லாமல் வந்து சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் குடும்பம் மேடையேறிச் சண்டை போட வேண்டியதாயிற்று. அதே வார்த்தை, அதே இடத்தில் அதே விம்மல். "முறை யாரோடது?" என்று தவசி கேட்பான். "உன்னோடது" என்று கூட்டம் மொத்தமும் அஞ்சுகத்தைக் கைகாட்டிப் பாடும். யானைக்குட்டிகள் துதிக்கையை நீட்டிக் காட்டும். உடனே அவள் பவளம் என்று கதற வேண்டும். கூட்டமும் அவளோடு சேர்ந்து சுருதி பிசகாமல் கதறும். அவள் ஆசைப்பட்டபடி தங்கச்சியின் பெயர் காடெங்கும் ஒலித்தது. நாசமாய்ப் போகிற காடு, அதற்கு ஆடவும் செய்தது.

ஒருநாள் கூட்டம் "உன்னோடது" என்றபோது அஞ்சுகம் கதறவில்லை.

"ஆமா, என்னோடதுதான்" என்றாள். "போதும். நான் போறேன்."

மேடையை விட்டுக் கிளம்பி ஓடைக்கு அப்பால் தெரிந்த புளியமரத்தைப் பார்த்துப் பறந்தாள். அவள் உண்மையாகவே போனாள். இனி இந்த வீட்டு முகத்தில் முழிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனாள்.

ஆனால் தவிட்டுக்குருவிப் பிறவியில் ஒரு சாபம் உண்டு. ஒன்று பறந்தால் இன்னொன்று பின்னாலேயே பறக்கும். சண்டையா சமாதானமா என்றெல்லாம் சிறகு கேட்டுக்கொண்டிருக்காது. தவசி பறந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பறந்தார்கள். சங்கிலி பறந்தார். மைனாவும் தவிடு உதிர உதிரக் கடைசியாக வந்து சேர்ந்தது. எல்லோரும் அஞ்சுகம் உட்கார்ந்த அதே கிளையில் அவளை ஒட்டி உட்கார்ந்தார்கள். தவசி அவள் கழுத்து இறகை அலகால் மெல்லக் கோதிவிட்டான். மன்னிப்புக் கேட்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. அஞ்சுகம் கண்ணை மூடிக்கொண்டாள். பவளம் இருந்தபோது தூங்கப்போகும் நேரத்தில் வீடு இப்படித்தான் இருக்கும்.

ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. அது நிற்கிற வழியாகத் தெரியவில்லை.

நரியார் ஓடையைத் தாண்டி மூச்சிரைக்க ஓடிவந்தார். "பிரமாதம் பாப்பா. நெசமாவே வீட்டை விட்டுப் போற மாதிரியே இருந்துச்சு. நாளையிலேருந்து இதான் கடைசிக் காட்சி. ஆனா சட்டுனு போயிடாத, நடுவுல புண்ணாக்கு விளம்பரம் ஒண்ணு இருக்கு. அது முடிஞ்சதும் போ."

கிளையில் இருந்த எல்லோரும் அஞ்சுகத்தைப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் திறந்தாள். ஒட்டி உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள்.

"எந்தப் பக்கமாப் பறக்கணும்?" என்று கேட்டாள்.

"லைட்டு இருக்கிற பக்கமா" என்றார் நரியார்.

நீதி: வீட்டில் இழவு விழுந்தால் வாயைத் திறப்பதற்கு முன் பக்கத்தில் இருக்கும் மைக் அணைந்திருக்கிறதா என்று பார்க்கவும். அணைந்திருந்தால், அதைப் போட்டுவிட்டு அழவும்.