ஐஸ் அண்ணாச்சியின் பென்சில்

மாலை நாலு நாற்பதுக்குப் பள்ளிக்கூட பஸ் எங்கள் குகட்பள்ளி காலனி வாசலில் நின்றது. எல்லாப் பிள்ளைகளும் இறங்கினார்கள். என் மகள் நித்யா மட்டும் இறங்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன, அவளே இன்று வேலைக்குப் போகிறாள். ஆனாலும் நாலு நாற்பது ஆனால் நான் இன்னும் வாசலை எட்டிப் பார்த்துவிடுகிறேன்.

அன்று அவள் இறங்காததற்குக் காரணம், எங்கள் மேல்வீட்டு ஐஸ் அண்ணாச்சி. உலகத்தில் எந்த மூலையில் யார் ஐஸ் ஸ்கேட்டிங் ஆடினாலும் அவர்களுடைய தகுதி நிலவரம் தெரிந்த, ஆனால் ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்திராத ஒரே மனிதர் அவர்தான்.

திருநெல்வேலிக்காரர். மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் நெட் சென்டருக்குப் போய், சர்வதேச சாம்பியன்ஷிப்புக்கு யார் யார் போகலாம் என்று நீளமான ரெஜிஸ்டரில் எழுதி வருவார். ஒரு நாட்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று இடங்கள்தான். போகிறவர் கெடு தேதிக்குள் குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தொட்டிருக்க வேண்டும். தொடாதவர் பெயர் பென்சிலில் இருக்கும். தொட்டு, இடமும் உறுதியானால் மையில் ஏறும்.

"கெடு முடியுத வரைக்கும் யாரு பேரையும் அடிக்கக் கூடாது தாயி" என்பார்.

ஒருநாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார். முகம் இருந்த இருப்பைப் பார்த்து என் கணவர் பதறிவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, ஊர்ல யாருக்காவது...?"

"கஜகஸ்தான் புள்ளைக்கு ஒண்ணரைப் பாயிண்ட் கொறையுது. ஒம்பது நாளுதான் இருக்கு."

"காபி குடிச்சிட்டு அழுங்க" என்றார் இவர்.

இவ்வளவு பாடுபட்டவர், போட்டி தொடங்கும் நாளில் ரெஜிஸ்டரை மூடிவிடுவார். "வர வேண்டியவுக வந்துட்டாவ. யாரு ஜெயிச்சா நமக்கென்ன?" அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டி கிடையாது. தொண்டைக்கு ஆகாதாம்.

மாற்று ஆட்டக்காரர்கள்மேல்தான் அவருக்குத் தனிப் பிரியம். "எவளுக்காவது காலு சுளுக்குனா இவதான் பிளேன் ஏறணும். மாத்து ஆளு எப்பவும் பொட்டியைக் கட்டி வச்சிருக்கணும்" என்று நித்யாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

நித்யா அப்போது எட்டாம் வகுப்பு. ரோலர் ஸ்கேட்டிங்கில் பைத்தியம். மாவட்ட அணிக்கு நாலு பேர். அண்ணாச்சி அவளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார். உலக வழக்கப்படி, நடந்த இரண்டு போட்டிகளில் எது அதிகமோ அந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டார். மூன்றாவது இடம் வந்தது. பட்டியல் வருவதற்கு முதல்நாளே அவள் பெயரை மையில் எழுதிவிட்டார். அந்த மனிதர் வாழ்க்கையில் அவசரப்பட்டது அந்த ஒருமுறைதான்.

எங்கள் மாவட்டத்திலோ கடைசிப் போட்டி மட்டும்தான் கணக்கு. அதில் நித்யா விழுந்திருந்தாள்.

பட்டியல் வந்த அன்று பஸ்ஸிலிருந்து இறங்கிய அவள் தோழி தெலுங்கில் சொன்னாள்: "மெயின் லிஸ்ட்லோ பேரு லேது ஆன்ட்டி. சால ஏட்சிந்தி." பட்டியலில் பெயர் இல்லையாம், ரொம்ப அழுதாளாம். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்விட்டாளாம்.

அடிக்கடி பந்த் நடந்த காலம் அது. கணவர் மாதாப்பூர் ஆபீஸிலிருந்து கிளம்பிப் பாதி வழியில் நெரிசலில் மாட்டியிருந்தார். நான் மாடிப்படியில் நின்று கத்தினேன்.

"உங்க மையாலதான் அண்ணாச்சி! சும்மா இருந்த பிள்ளைக்கு ஆசை காட்டினீங்களே!"

அவர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ரெஜிஸ்டருடன் இறங்கி வந்தார். காலனி வாசலில் உட்கார்ந்து, அவள் போகக்கூடிய இடங்களைப் பென்சிலால் எழுதினார். பள்ளிக்கூடம், தோழிகள் வீடு, நூலகம், கோயில். நான் ஒவ்வொன்றாகப் போன் செய்து "இல்லை, இல்லை" என்றேன். அவர் எதையும் அடிக்கவில்லை. பக்கத்தில் சின்னப் புள்ளி மட்டும் வைத்தார்.

"அடிச்சித் தொலைங்களேன்!"

"கெடு முடியல தாயி" என்றார். வைத்த புள்ளியின் மேலேயே மறுபடி மறுபடி புள்ளி வைத்தார். அதைப் பார்த்தபிறகு என்னால் கத்த முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வந்து நின்ற ஒவ்வொரு ஆட்டோவையும் இருவரும் சேர்ந்தே பார்த்தோம்.

ஆறு இருபத்தைந்துக்கு ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. முழங்காலெல்லாம் புழுதியாக, தோளில் ஸ்கேட்டிங் பையுடன் நித்யா இறங்கினாள். நான் அடிக்கக் கை ஓங்கி, கட்டிக்கொண்டேன். என் தோளுக்கு மேலாக அவள் எட்டி அவரைப் பார்த்தாள்.

"ஐஸ் தாத்தா, நான் ஃபர்ஸ்ட் சப்ஸ்டிட்யூட். பார்க் கிரவுண்ட்ல பிராக்டிஸ் பண்ணிட்டு வரேன். மாத்து ஆளு பொட்டியைக் கட்டி வச்சிருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? ஏடவகண்டி, அழாதீங்க தாத்தா. என் பேரை அடிச்சிட்டு பென்சில்ல எழுதுங்க, போதும்."