மல்லி வாடாமல் இருக்க

வாய் மட்டும் நன்றாக வளர்ந்த விலங்குகள் வாழ்ந்த ஒரு காட்டில், வடிவு என்ற முயல் சிங்கராஜாவுக்குச் சமையல்காரியாக இருந்தாள். ராஜாவுக்கு ரசம் என்றால் உயிர். புலால் தின்னும் மிருகத்துக்கு ரசம் எதற்கு என்று கேட்பவர்கள் விலங்கியல் புத்தகத்துக்குப் போகலாம். அந்த ரசத்தின் மேல் கொத்தமல்லி பச்சைப்பசேலென்று மிதக்க வேண்டும். முந்தைய சமையல்காரர் ஒரு காட்டுக்கோழி. வாடிய தழையைத் தூவினார். அன்று ரசத்தை அடுத்து அவரையே பரிமாறினார்கள்.

சந்தை கூடுவது திங்கட்கிழமை மட்டும். ராஜாவின் மாமியார் விருந்துக்கு வருவது வெள்ளிக்கிழமை. வடிவு ஒரு கட்டு மல்லியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்கினாள்.

பக்கத்துப் புதரிலிருந்து ஆமை மாசிலாமணி தலையை நீட்டினார். "இதுக்கா தங்கச்சி இப்படி நடுங்குறே? அழுகின இலையைப் பொறுக்கி எறி. கழுவாதே. ஈரம் இருந்தா உலர விடு. காகிதத்துல சுத்தி, டப்பாவில போட்டு, குளிர்பெட்டியில வை. வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்படியே இருக்கும்."

"இதை எங்கே படிச்சீங்க அண்ணே?"

"படிக்கல. முப்பது வருஷமா இப்படி வெச்சுத்தான் தின்னுக்கிட்டிருக்கேன்."

"தின்கிறதெல்லாம் ஒரு தகுதியா?" என்று உதட்டைச் சுழித்துவிட்டு, வடிவு தழை நல அலுவலகத்துக்கு ஓடினாள்.

வரிசையில் அவளுக்கு முன்னால் பதினொரு பேர். படிவத்தில் 'பொருள்' என்ற கட்டத்தில் 'மல்லி' என்று எழுதினாள். 'குறை' என்ற கட்டத்தில் 'வாடுகிறது'. 'வேறு விவரம்' என்ற கட்டத்தில் 'இல்லை'. அதிகாரி ஒரு கரடி. நிமிர்ந்து பார்க்காமலே பதில் எழுதி முத்திரை குத்தினார்: 'நாரில் நெருக்கமாகத் தொடுக்கவும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றவும். துணி காயக் காய மீண்டும் தெளிக்கவும்.'

"தொடுக்கணுமா ஐயா?"

"முத்திரை தெரியுதா?"

"தெரியுதுங்க."

"அப்புறம் என்ன? அடுத்தது யாருப்பா?"

இரண்டு நாள் உட்கார்ந்து வடிவு கொத்தமல்லியை வாழைநாரில் தொடுத்தாள். மாசிலாமணி எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, ரசத்துக்குப் பூ வெச்சுச் சடை பின்னப் போறியா?"

"ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க" என்றாள் வடிவு. அத்துடன் அவள் மூளைக்கு வேலை முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் துணியைப் பிரித்தால் உள்ளே கறுப்புக் கூழ். அலறிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

"எங்க பக்கம் மல்லின்னா தலையில வைக்கிற பூ" என்றார் கரடி. "எந்த மல்லின்னு நீ சொன்னியா? 'வேறு விவரம்'னு கட்டம் கட்டிக் கேட்டிருக்கோம். 'இல்லை'ன்னு எழுதியிருக்கே!"

தமிழில் பூவும் மல்லிதான், தழையும் மல்லிதான். வேறுபாடு மூக்குக்கும் நாக்குக்கும் தெரியும். அலுவலகத்துக்கு இரண்டும் கிடையாது.

வேறு தழை இல்லாததால் வடிவு அந்தக் கூழையே ரசத்தில் போட்டாள். பந்தியில் மாமியார் சிங்கம் கிண்ணத்திலிருந்து ஒரு கறுத்த வாழைநாரை நகத்தால் தூக்கினாள். "மாப்பிள்ளை, இது என்ன?"

ராஜா கர்ஜித்தார். வடிவு அலுவலகத் தாளை நீட்டினாள். ராஜாவுக்குப் படிக்க வராது. ஆனால் முத்திரையில் இருந்த முகம் யாருடையது என்று தெரிந்தது. அவருடையதுதான்.

"நம்ம முத்திரை தப்பாகாது. அதனால மல்லி இப்படித்தான் இருக்கும்" என்றார். "சாப்பிடுங்க அத்தை."

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த இடத்தில் வம்பு எதற்கு என்று மாமியாரும் விழுங்கினாள். அமைச்சர்கள் மணம் ஊரைத் தூக்குகிறது என்றார்கள். அது உண்மையும்கூட.

கடைசி வரிசையில் இருந்த மாசிலாமணியால் பொறுக்க முடியவில்லை. "இது அழுகல்! கழுவாதே, ஈரம் ஆகாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்!"



"சொன்னியா? எந்தத் தாள்ல?" என்றார் ராஜா.

"வாயாலதான், மகாராஜா."

அடுத்த பந்தியில் மாசிலாமணி குழம்பாக வந்தார். வடிவு உயிர் தப்பினாள். தலைமைச் சமையல்காரி என்ற பட்டமும் கிடைத்தது. குழம்பின் மேல் அவள் எதையும் தூவவில்லை. படிவம் கொடுத்துப் பதில் வாங்க அவகாசம் இல்லை.

நீதி: தழை அழுகினால் குற்றமில்லை, அழுக வைக்கச் சொன்னவரின் முத்திரை அழியாமல் பார்த்துக்கொள்க.