ஹாலுக்கு நடந்து வந்த கிரைண்டர்

கிரைண்டரை ஓடவிட்டுவிட்டு பிச்சுமணி குளிக்கப் போனான். அதுதான் அவன் செய்த தப்பு. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், கோயம்புத்தூரில் பிறந்த அந்தக் கல் எந்திரம் சமையலறையில் இல்லை. வயர் விட்ட தூரம் வரை மரத்தரையில் நடந்து, அமெரிக்காவின் எடிசன் நகர அபார்ட்மெண்டில் ஹால் வாசலில் நின்று ஆடிக்கொண்டிருந்தது.

கீழ் வீட்டிலிருந்து, மாடிக்கு மாடி ஓடும் ஹீட்டர் குழாயில் சத்தம். டங், டங், டங்.

"இவான்கா ஆன்ட்டிதான். போச்சு," என்றாள் மீனாட்சி, ஐந்து மாத வயிற்றின் மேல் கை வைத்து. "இன்னொரு நாய்ஸ் கம்ப்ளைண்ட் வந்தா லீஸ் ரின்யூ பண்ண மாட்டேன்னு மேனேஜர் சொல்லியாச்சு. இந்த வயித்தோட நான் எங்க வீடு தேடறது?"

"அவங்க பல்கேரியால கம்யூனிஸ்ட் கவர்ன்மென்ட் கட்டின எட்டு மாடி ப்ளாக்ல இருந்தவங்களாம். அங்க பக்கத்து வீட்டுக்காரனப் பத்தி மேலிடத்துக்கு எழுதிப் போடறதுதான் பொழுதுபோக்காம்."

"யார் சொன்னா?"

"ஆபீஸ்ல பாலசுப்ரமணியன்."

"அவர் பல்கேரியா போயிருக்காரா?"

"ட்ரான்சிட்ல நாலு மணி நேரம் இருந்திருக்கார்."

"அப்ப சரி. நிறுத்துங்க அதை."

"பாதி மாவுலயா? இட்லி தவிர உனக்கு எது உள்ள தங்குது?"

கிரைண்டரை மாவோடு தூக்கி, தண்ணீரைத் துடைத்த குளியல் தொட்டியில் இறக்கினான். தொட்டிக்குள் அது தவில் கச்சேரியே நடத்தியது. இப்போது பாத்ரூம் குழாயில் டங், டங், டங்.

"ரூம் ரூமா துரத்தறாங்க," என்றாள் மீனாட்சி.

துணி அலமாரிக்குள் இரண்டு ரஜாய்ப் போர்வைகளை விரித்து, அதன்மேல் கிரைண்டரை வைத்து, நடக்காமல் இருக்க, மாவு மேலெல்லாம் தெறிக்கக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தான். பல் தந்தியடித்தது. படுக்கையறைக் குழாயிலும் டங், டங், டங்.

கடைசியில் ஸ்விட்சை அணைத்தான். வீடே அமைதியானது. அப்போதுதான் குழாய் நிஜமாகவே அலறியது.

"இது கம்ப்ளைண்ட் இல்ல, யுத்தம்," என்றாள் மீனாட்சி. "கீழ போங்க. கால்ல விழுங்க."

"சட்டையை மாத்திக்கட்டுமா?"

"மாவோடயே போங்க. பாவமா இருக்கும்."

நேற்று ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் வாங்கிய மைசூர்பாகு டப்பாவோடு பிச்சுமணி படி இறங்கினான். இவான்கா ஆன்ட்டி கையில் கரண்டியோடு கதவைத் திறந்தார். எழுபது வயது, முகத்தில் சிரிப்பில்லை. மூச்சு விடாமல் மன்னிப்புக் கேட்டான். மனைவி, குழந்தை, இட்லி, லீஸ் என்று ஒன்று விடவில்லை.

"நேராவே சொல்லிடுங்க ஆன்ட்டி. மேனேஜருக்குப் போன் பண்ணிட்டீங்களா?"

ஆன்ட்டி அவன் சட்டையில் வழிந்த மாவைப் பார்த்தார்.

"எங்க ஊர் ப்ளாக்ல போன் கனெக்ஷன் வர பதினாலு வருஷம் ஆச்சு," என்றார் தன் பல்கேரிய ஆங்கிலத்தில். "அதனால மேல் வீட்டுல முழிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா குழாயில மூணு தட்டு தட்டுவோம், 'காபி போட்டாச்சு, கீழ வா'ன்னு. உள்ள வா, உனக்காக நாலு தடவை சூடு பண்ணிட்டேன்."