மாமனார் எழுந்து நின்று ஊதும் இடம்

"மறுபடியும் போச்சு!" என்று பேண்ட் மாஸ்டர் கைக்குச்சியைக் கீழே போட்டார்.

மருந்துக்கடைக்காரர் பியானோவுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டார். போனது அவருடைய மாமனாரின் டிரம்பெட். அரங்கேற்ற மேடையில் போகப்போவது அவருடைய மானம்.

பகலெல்லாம் மாத்திரை விற்கும் மனிதர், சாயங்காலங்களில் வீட்டுப் பியானோவைத் தட்டித் தட்டி, ஆயுசில் முதல் தடவையாக ஒரு லத்தீன் நடனப் பாட்டை பிக் பேண்ட் என்னும் பெரிய வாத்தியக் குழுவுக்காக அமைத்திருந்தார். சாக்ஸபோன், டிராம்போன், காங்கா மேளம் என்று ஆளுக்கொரு பங்கு. நடுவில் டிரம்பெட் மட்டும் எழுந்து நின்று ஊத ஓர் இடம். நன்றாக வந்தால் பேண்ட் அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும். சொதப்பினால் பேனாவை மூடிவிட்டு மாத்திரையோடு நிற்க வேண்டியதுதான்.

அந்த இடத்தை மாடியில் குடியிருக்கும் மாமனாருக்குக் கொடுத்தது மனைவியின் பேச்சைக் கேட்டு.

"அப்பா வாய்விட்டுக் கேக்க மாட்டார். ஆனா அதுக்காக உயிரை விடுறார்," என்றாள். எந்த மாப்பிள்ளையால் மறுக்க முடியும்?

மாமனார் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். பேண்டின் பின்வரிசையில் நாலு பேரோடு சேர்ந்து ஊதினால் தேன். தனியாக எழுந்து நின்றாலோ, டிரம்பெட் கழுத்தைப் பிடித்த வாத்து மாதிரி கத்தியது.

"மாமா, மேல் சுரம் கஷ்டமா இருக்கா? கொஞ்சம் இறக்கிடவா?"

"உங்க இஷ்டம் மாப்பிள்ளை."

இறக்கினார். அது டிராம்போன்களோடு முட்டிக்கொண்டது. டிராம்போன்களை நகர்த்தினார். இப்போது சாக்ஸபோன்காரர் சண்டைக்கு வந்தார்.

"எனக்கு மூச்சு விடவே இடம் வைக்கலையே சார்! செத்தா உங்க கடையில மருந்து இருக்கா?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் இன்னொரு ஒத்திகை. வாரம் ஒருநாள் என்றிருந்தது, தினமும் சாயங்காலம் இருவரும் பேண்ட் கூடத்தில்தான் என்றாகிவிட்டது.

கடைசியில் அவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தார். மாமனார் ஊதும் இடத்தில் அத்தனை வாத்தியங்களையும் உச்சத்தில் முழங்கவிட்டார். போதாததற்கு ஒரு மாட்டுமணியையும் சேர்த்தார்.

அரங்கேற்றச் சனிக்கிழமை மாமனார் எழுந்தார். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது. பேண்ட் இடியாய் இடித்தது. டிரம்பெட் ஒருவர் காதிலும் விழவில்லை. கூட்டமோ நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஆட ஆரம்பித்தது.

"இதை வெச்சுக்கலாம்யா!" என்றார் மாஸ்டர்.

மருந்துக்கடைக்காரர் துள்ளிக் குதித்து மேடையை விட்டு இறங்கினார். மேடைக்குப் பின்னால் மாமனார் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. இன்னைக்கு நான் ஊதவே இல்ல. எரியிற வீட்டுக்குள்ள போயிருக்கேன், கால் நடுங்கினதில்ல. தனியா நின்னு ஊதணும்னா நடுங்குது. நீங்க ரொம்ப ஆசைப்படுறீங்கன்னு பொண்ணு சொன்னா, அதான் மறுக்க முடியல."

"நான் ஆசைப்பட்டேனா? நீங்கதான் உயிரை விடுறீங்கன்னு சொன்னா!"

இருவரும் ஒருசேரத் திரும்பினார்கள். வாழ்த்த வந்து நின்ற மனைவி, கூட வந்த தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினாள்.

"அவளைத் திட்டாதீங்க, யோசனை என்னோடது," என்றார் மாமியார் கொஞ்சமும் கூசாமல். "மாடியில டிரம்பெட்டும் இல்லாம கீழ பியானோவும் இல்லாம, இந்த ரெண்டு மாசம்தான் நாங்க நிம்மதியா டிவி பார்த்தோம். அடுத்த பாட்டு எப்ப எழுதப்போறீங்க மாப்பிள்ளை?"