அத்தையின் பாவாடை

லண்டன் மாநகரில் ஓவியங்களைப் பற்றிப் பேசத் தகுதி உள்ளவர் ஒரே ஒருவர்தான். பேசக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு வாங்கியவரும் அவர்தான்.

ஓர் ஓவியக்கூடத்தில் நாங்கள் இருவரும் காவலர்களாக இருந்தோம். எனக்கு ஆறாம் அறை. பக்கத்து அறை அவருடையது. அதனால் அவர் எங்களுக்கு 'ஏழாம் அறையார்'. அங்கே இருந்தவை எல்லாம் பழைய நகைச்சுவை நாடகக் காட்சிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீட்டிய படங்கள். வால்தம்ஸ்டோ மண்டபங்களில் நம் தமிழ் நாடகங்களுக்கு இருபது வருடம் மாமியார் வேடம் கட்டிய மனிதரை அங்கே இருத்தினால் வாய் சும்மா இருக்குமா? ஒரு படத்தில் கதவுக்குப் பின்னால் ஒளிந்த காதலனைப் பார்த்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்படா என்று அவர் ஒருநாள் அதட்ட, படம் பார்க்க வந்த தம்பதி பயந்து என் அறைக்கு ஓடிவந்தார்கள்.

நடுச்சுவரில் 'அத்தையின் சம்மதம்' என்ற படம். நாற்காலியில் பருத்த அத்தை, காலடியில் காதலர்கள். அவருக்குச் சண்டையே அந்த அத்தையோடுதான்.

"தம்பி, இது பொம்பிளையே இல்லை. பாவாடையை ரெண்டு கையாலயும் அமத்திப் பிடிச்சிருக்கிறான், பார். அவிண்டிடுமெண்டு பயம். ஸ்ட்ரெதம் மேடையில என்ர கொசுவம் அவிண்ட அண்டு நானும் இப்பிடித்தான் இருந்தனான்."

இதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிவந்தார். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் கோட்டு வாங்கி வைக்கும் அறைக்கு மாற்றிவிடுவேன் என்று மேலாளர் எழுதியே கொடுத்து எச்சரித்தார். மனிதர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கோட்டுகளுக்கு என்ன நடிப்புச் சொல்லிக்கொடுப்பது என்று என்னிடம் கவலைப்பட்டார்.

மறுநாளே நாடக ஆராய்ச்சியாளர்கள் பத்துப் பேர் வந்தார்கள். காப்பாட்சியர் அம்மையார் அத்தையின் கனிவைப் பற்றி உருகிக்கொண்டிருந்தார். மேலாளர் இவரையே முறைத்துக்கொண்டிருந்தார். ஏழாம் அறையார் வாயே திறக்கவில்லை. எழுந்தார், சீருடைக் கோட்டைக் கழற்றி இடுப்பில் பாவாடையாகச் சுற்றினார், படத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு, இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தபடி அசல் அத்தையாகவே அமர்ந்தார். பத்துப் பேரும் படத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். பிறகு அறை அதிரச் சிரித்தார்கள்.

அவர்களில் ஒரு கிழவி மட்டும் சிரிக்காமல் குறிப்பெடுத்தார். மூன்றாம் வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அந்தப் படத்திலுள்ள நாடகத்தின் பழைய பிரதி கிடைத்துவிட்டதாம். காதலர்களை ஏமாற்ற, வீட்டுச் சமையல்காரன் அத்தை வேடம் போடும் காட்சியாம் அது. படத்தின் பெயர் அட்டையை மாற்றினார்கள். புது அட்டையை மாட்டும்போது மேலாளரே வந்து ஏணியைப் பிடித்தார்.

"கோட்டறைக்கு எப்ப போறது?" என்று அவரிடம் பணிவாகக் கேட்டார் ஏழாம் அறையார். மேலாளர் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இப்போது அவர் ஓய்வு பெற்று ஃபாரஸ்ட் கேட் பகுதி நாடக மேடைகளில் முழுநேர மாமியார். ஏழாம் அறை எனக்கு வந்திருக்கிறது. பேசக்கூடாது என்ற உத்தரவும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் அந்தப் படத்தின் முன்னால் யாராவது கொஞ்ச நேரம் நின்றால், என்னையறியாமல் எழுந்துபோய் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் இல்லாத அந்த அறையில் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.