எனக்குப் பொருந்தாத வளைவு

எனக்குப் பொறாமை உண்டு. எல்லோருக்கும் இருப்பதுபோல ஒரு சிட்டிகை அல்ல, உப்பளத்தையே அள்ளிக் கொட்டிய அளவு. பக்கத்து வீட்டில் புது மிக்ஸி ஓடினால் அன்றைக்கு எங்கள் வீட்டுச் சட்னி எனக்குத் தொண்டையில் இறங்காது. இப்போது வயது முப்பத்து நான்கு, அதனால் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. இருபது வயதில் இதற்கு நான் வைத்திருந்த பெயர் லட்சியம்.

அப்போது தூத்துக்குடியில் கல்லூரிக் கடைசி வருடம். ஹாக்கி அணியில் நான் சென்டர் ஃபார்வர்ட். பெனால்டி கார்னர் கிடைத்தால் அடிப்பது நான்தான். (ஹாக்கி பார்க்காதவர்களுக்கு: கோலுக்குப் பக்கத்துக் கோட்டிலிருந்து ஒருத்தி பந்தைத் தள்ளிவிடுவாள், இன்னொருத்தி அதை நிறுத்துவாள், மூன்றாவது ஆள் கோலைப் பார்த்து அடிப்பாள். கைதட்டல் முழுக்க மூன்றாவது ஆளுக்கு.) என் அடி தரையோடு தரையாகப் போய்க் கோலின் அடிப்பலகையில் ‘டம்’மென்று மோதும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் அப்பா லீவு போட்டுவிட்டு மேட்சுக்கு வருவார்.

அந்த வருடம்தான் பெரியதாழையிலிருந்து வினோலியா வந்து சேர்ந்தாள். முதலாமாண்டு. காற்றடித்தால் சாய்கிற உடம்பு. முதல் நாள் பயிற்சியில் அவளைக் கார்னர் எடுக்கச் சொன்னார் கோச். அவள் அடிக்கவே இல்லை. பந்தை ஸ்டிக்கோடு ஒட்டவைத்து இரண்டு எட்டு இழுத்து வந்தாள், இடுப்பைத் திருப்பினாள், ஒரு சுண்டு. பந்து கோலின் மேல் மூலையில் தொங்கியது. கோல்கீப்பர் இன்னும் குனிந்தபடியே தரையில் பந்தைத் தேடிக்கொண்டிருந்தாள். கோச் வாயிலிருந்த விசில் கீழே விழுந்துவிட்டது.

மூன்று வருடமாக நான் அடித்த எந்த அடிக்கும் அந்த விசில் விழுந்ததில்லை.

“செலின், இனிமே கார்னர வினோ எடுக்கட்டும். நீ பந்த நிப்பாட்டிக் குடு” என்றார் கோச். அதாவது கல்யாணப் பெண்ணாக இருந்தவள் பந்தி விசாரிக்கப் போக வேண்டும்.

அவள் கெட்டவளாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம். ஒவ்வொரு கோலுக்கும் ஓடிவந்து, “யக்கா, நீங்க நிப்பாட்டுன அழகுலதான் விழுந்துச்சு” என்று என்னைக் கட்டிக்கொள்வாள். ‘யக்கா என்று கூப்பிடாதே, கிழவி மாதிரி இருக்கிறது’ என்று சண்டைக்குப் போனேன். மறுநாளிலிருந்து, சோட்டுத் தோழியைக் கூப்பிடுகிற மாதிரி ‘ஏளா’ என்று இன்னும் பிரியமாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். விடுதிச் சாப்பாடு வாய்க்கு விளங்கவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா சீலா மீன் குழம்பில் நடுத்துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். எனக்கு வால். “பாவம், அந்தப் பிள்ள எப்படி மெலிஞ்சு கெடக்கா பாரு” என்றாள். நானும் அன்றிலிருந்து மெலியத்தான் செய்தேன், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஒரு நாள் மைதானத்தில் அவள் ஸ்டிக்கும் என் ஸ்டிக்கும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அப்போதுதான் கவனித்தேன். என்னுடையது கிட்டத்தட்ட நேராகத் தரையில் படுத்திருந்தது. அவளுடையது கீழ்ப்பக்கத்தில் வில் மாதிரி வளைந்து, அடியில் எலி நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. ஆகா, இதுதானா சங்கதி! அவள் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் வளைவில்தான் இருக்கிறது! அன்று ராத்திரி மாதக்கணக்குக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாளே விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய், கீழே நல்லா வளைந்த ஸ்டிக் வேண்டும் என்றேன். அண்ணாச்சி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“நீ அடிக்கிற ஆளாம்மா, இழுக்கிற ஆளா?”

“இழுக்கிற ஆளு.”

“அடிக்கிற ஆளுன்னா இது சரிப்படாது. வளைவு நடுவுல இருக்கணும், கொஞ்சமாத்தான் இருக்கணும். அதான் கேக்கேன்.”

“இழுக்கிற ஆளுதான் அண்ணாச்சி!” என்றேன், ஏதோ சாதிப்பெயரைக் கேட்டுவிட்ட மாதிரி.

புது ஸ்டிக்கோடு மைதானத்துக்குப் போனதும் முதலில் பார்த்தது வினோலியாதான். வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தாள். முகம் வாடியது.

“ஏளா, உனக்கு எதுக்கு இது? நீ ஓங்கி அடிக்கிறவல்லா? இதுல அடிச்சா பந்து மேல ஏறும். ஃபைனலுக்கு நாலு நாள்தான் இருக்கு. பழசையே வச்சு ஆடு.”

பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று வயிறு எரிகிறது என்று நினைத்தேன். (உலகத்தில் எல்லோருக்கும் என் வயிறுதான் என்ற எண்ணம்.)

அந்த நாலு நாளும் வீட்டுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து இழுத்துச் சுண்டிப் பழகினேன். பந்து மூன்று முறை கோழிக்கூட்டுக்குள் போனது, ஒரு முறை என் கணுக்காலுக்குள் போகப் பார்த்தது. மைதானத்தில் சாதாரணமாக அடித்த பந்துகளும் முழங்காலுக்கு மேலே எழும்பின. “என்ன செலின், பந்து பறக்கு?” என்று கோச் கேட்டார். “கச்சான் காத்து சார்” என்று மேற்குக் காற்றின் மேல் பழியைப் போட்டேன்.

ஃபைனல். எதிரே கோவில்பட்டிப் பெண்கள். பந்தலின் கீழே பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க வந்த இரண்டு பேர் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அப்பா கூடவே கிரேன்காரர்கள் ஐந்தாறு பேரைக் கூட்டி வந்திருந்தார். அம்மா பட்டுச்சேலையில் வந்திருந்தாள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. எங்கள் கோலைப் போட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முடிய நாலு நிமிடம் இருக்கும்போது வினோலியா எதிரணியில் ஒருத்தியை ஸ்டிக்கால் தடுத்துவிட்டாள். அம்பயர் பச்சை அட்டையைக் காட்டினார். இரண்டு நிமிடம் வெளியே. அவள் வெளியே போன அடுத்த நிமிடமே எங்களுக்குப் பெனால்டி கார்னர்.

கடவுள் இருக்கிறார் என்று நான் முழுதாக நம்பியது அப்போதுதான்.

“செலின், நீ அடி! தரையோட அடி!” என்று கோச் கத்தினார். சுண்டிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், கோழிக்கூடு ஞாபகம் வந்தது. அடித்துவிடுவதென்று முடிவு செய்தேன். கோட்டுக்கு வெளியிலிருந்து வினோலியாவின் குரல் கேட்டது. என் பையைத் திறந்து பழைய ஸ்டிக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“ஏளா, இத வாங்கிக்கோ! சொன்னாக் கேளுளா!”

“போளா அங்கிட்டு!”

பந்து வந்தது, நின்றது, ஓங்கி அடித்தேன். என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு அடி அடித்ததில்லை. பந்து பறவை மாதிரி எழும்பி, கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய், வலையின் கூரையைத் தூக்கியது. மேல் மூலை! வினோலியாவின் மூலை!

விசில் சத்தம் கேட்டது. ஓடினேன். அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் ஓடி, கோட்டோரம் முட்டி போட்டு, கண்ணை மூடி, நெற்றியில் சிலுவை போட்டு, ஸ்டிக்குக்கு ஒரு முத்தம் கொடுத்து, இரண்டு கையையும் வானத்துக்கு விரித்தேன். “செலின்! செலின்!” என்று கூட்டம் அலறியது. எவ்வளவு பாசம்! “எந்திரி! எந்திரி!” என்றார்கள். எழுந்து நின்றால் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள் என்று நினைத்து, அடக்கத்தோடு இன்னும் கொஞ்சம் குனிந்தேன். கடைசியாக “கோல்!” என்று ஒரு பெரிய சத்தம். கொஞ்சம் தாமதமாகச் சொல்கிறார்களே என்று தோன்றியது.

கண்ணைத் திறந்தேன். அப்பா தலையில் கை வைத்திருந்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். திரும்பிப் பார்த்தால், எங்கள் கோலுக்கு முன்னால் கோவில்பட்டிப் பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். பெனால்டி கார்னரில் அடிக்கிற முதல் பந்து அந்த அடிப்பலகை உயரத்துக்குள்தான் கோலுக்குள் போக வேண்டும். மேலே போனால் செல்லாது. இழுத்துச் சுண்டுகிறவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எனக்குத் தெரியாத விதி இல்லை, மூன்று வருடம் அந்த விதிக்குள்ளேயே குடித்தனம் நடத்தியவள் நான். அந்த விசில் கோலுக்கு ஊதியதல்ல, செல்லாது என்று ஊதியது; அம்பயரின் கை எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அவர்கள் உடனே பந்தை எடுத்து ஓடிவிட்டார்கள். எங்கள் பதினொரு பேரில் ஒருத்தி அட்டை வாங்கி வெளியே, இன்னொருத்தி ஜெபத்தில்.

தோற்றோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அழுதுகொண்டிருந்தேன். வினோலியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ‘நான் அப்பவே சொன்னேன்லா’ என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னால் முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். அவள் கடலைமிட்டாயை உடைத்துப் பெரிய பாதியை என்னிடம் தந்தாள். தாங்க முடியவில்லை. “இந்தா, இத நீயே வச்சிக்கோ” என்று ஸ்டிக்கை அவள் மடியில் போட்டேன்.

பல்கலைக்கழக அணிக்கு அவளை எடுத்தார்கள். அந்த ஸ்டிக்கோடுதான் போனாள். ஆக, என் ஸ்டிக் பல்கலைக்கழகத்துக்கு ஆடியது, நான் ஆடவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சந்தோஷப்பட்டதில்லை. நான் பட்டப் பரீட்சையில் தேறிவிட்டேன் என்று குதித்தபோது அப்பா நிதானமாக, “அம்பயர் கை எங்கன காட்டுதுன்னு பாத்தியாளா?” என்றார். பள்ளிக்கூடத்தில் வேலைக்கு ஆர்டர் வந்தபோதும் அதே கேள்வி. மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லி அனுப்பியபோது அம்மாகூட, “இரு, அவசரப்பட்டு முட்டி போட்டுராத” என்றாள்.

கல்யாணத்தன்று கோவிலில் பீடத்துக்கு முன்னால் நானும் அவரும் முட்டி போட்டோம். சாமியார் கையைத் தூக்கி ஆசீர்வதிக்கப் போகிறார். தோழியாக எனக்குப் பின்னால் நின்ற வினோலியா என் முக்காட்டுக்குள் குனிந்து கிசுகிசுத்தாள்:

“ஏளா, மொதல்ல சாமியார் கையப் பாரு.”

சிரித்துவிட்டேன். சத்தமாக. கல்யாண ஆல்பத்தில் பெரிய படம் அதுதான்: பக்தியோடு தலை குனிந்திருக்கும் மாப்பிள்ளை, பல்லெல்லாம் தெரிய நான், பின்னால் ஒன்றும் தெரியாதவள் மாதிரி வினோலியா. வீட்டுக்கு யார் வந்தாலும் என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து, ஃபைனல் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். ஆனால் என் கண் அந்தப் படத்தில் வேறு இடத்தில்தான் போய் நிற்கும். அவள் கட்டியிருந்த சேலை, என் கல்யாணச் சேலையைவிட நன்றாக இருக்கிறது.